உலர்ந்த தேக்கு என்று நம்பி வாங்கினேன்: சி.என்.சி. செதுக்கு வேலை செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

கடைசி மறுப்பு நேற்று மாலை வந்தது. அந்தக் கோபம் ஆறும் முன்னரே இதை எழுதிவிடுகிறேன். சி.என்.சி. இயந்திரத்தில், அதாவது கணினி கட்டளைப்படி தானாகச் செதுக்கும் இயந்திரத்தில், செதுக்குவதற்காக இணையவழி மர விற்பனைத் தளம் ஒன்றில் எட்டுத் தேக்குப் பலகைகள் வாங்கினேன். அவற்றுக்காக நான் கொடுத்த தொகை என் மூன்று மாத வருமானம். அந்த எட்டில் ஒன்றுகூட இன்று வேலைக்கு உதவாது. தளத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் நான் ஏமாற்றப்பட்ட விதத்தை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

மரத்தைப் பற்றி எதுவும் அறியாமல் போய் மாட்டிக்கொண்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கதவில் பதிக்கும் கொடிவேலைப்பாட்டுப் பலகைகளுக்காகப் பல நாட்கள் யோசித்தே மரத்தைத் தேர்ந்தேன். பைன் மரத்தில் ஒரே ஆண்டு வளையத்துக்குள் மென்மையான பகுதியும் கடினமான பகுதியும் அடுத்தடுத்து வருவதால் நுண்ணிய கோடுகளில் பிசிறு எழும்பும். கணு இருக்கும் இடத்தில் பிசின் கசிந்து பிட்டில், அதாவது இயந்திரத்தில் சுழலும் வெட்டு முனையில், ஒட்டிக்கொள்ளும். ஓக் மரத்தின் துளைகள் பெரியவை என்பதால் மெல்லிய இலை நரம்புகள் உதிர்ந்துவிடும். மேப்பிள் நுணுக்கத்தை அழகாகத் தாங்கும். ஆனால் பிட் ஓரிடத்தில் சற்று அதிகம் நின்றாலும் கருகும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கு ரேகையே இல்லை, ஆகவே வண்ணம் பூசும் வேலைக்கு அது போதும். மரத்தின் நிறமே தெரிய வேண்டிய வேலைக்கு அதனால் பயனில்லை. தேக்கில் இயல்பாகவே, மணலில் இருக்கும் கடினப் பொருளான சிலிக்கா இருப்பதால் பிட்டின் முனை விரைவில் மழுங்கும் என்பதும் எனக்குத் தெரியும். எளிதில் மழுங்காத கார்பைடு பிட் கூடுதலாக இரண்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் தேக்கை எடுத்தேன், ஏனென்றால் ஈரம் ஏறி இறங்கும்போது மிகக் குறைவாக அசையும் மரங்களில் அது ஒன்று. ஆனால் அந்தக் குணம் முறையாக உலர்த்திய தேக்குக்கு மட்டுமே உண்டு.

விற்பனையாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் உலர்த்தலைப் பற்றியதுதான். 40 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பலகையில் 12 மில்லிமீட்டர் ஆழம் வரை குடையப் போகிறேன், ஆகவே உள்ளே இருக்கும் ஈரப்பதம் எனக்கு முக்கியம் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. அப்போதே காணொளி அழைப்பில் வந்து, அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவி, ஈரப்பதமானியின் இரண்டு ஊசிகளையும் அதில் அழுத்திக் காட்டினார். திரையில் 10 சதவீதம் என்று தெரிந்தது. "சார், நீங்களே பாருங்கள், உலர்த்தும் அறையிலிருந்து வந்த மரம், நாளைக்கே இயந்திரத்தில் ஏற்றலாம்" என்றார். கேட்பதற்கு முன்பே கருவியை எடுத்துக் காட்டும் மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். முழுத் தொகையையும், அதாவது மூன்று மாத வருமானத்தையும், அன்று இரவே முன்பணமாக அனுப்பிவிட்டேன்.

அவர் ஊசியை அழுத்திய இடம் பலகையின் முனையை ஒட்டி இருந்தது என்பது அப்போது என் மனத்தில் பதியவில்லை. மரத்தின் நாரோட்டம் முடியும் முனைப் பகுதி, பலகையின் மற்ற எல்லா இடங்களையும்விடப் பல மடங்கு விரைவாக உலரும். போதாக்குறைக்கு, அந்த வகைக் கருவியின் குட்டை ஊசிகள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். முனையின் மேல்தோலில் கிடைத்த 10 என்ற எண், நடுப்பகுதியைப் பற்றி எதையும் சொல்லாது. வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்து அழுத்தினார் என்றே இன்றும் நம்புகிறேன்.

பலகைகள் வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்கு அழகாக இருந்தன. பொன்பழுப்பு நிறம், வளைவில்லாத விளிம்பு, ஒரு வெடிப்பும் இல்லை. முதல் பலகையில் முரட்டு வெட்டு முடிந்து நுண்வெட்டு தொடங்கியபோதே உள்ளம் பதறியது. இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே, ஒரு பக்கம் முழுவதும் வெளிறிய மஞ்சள் நிறத்தில் மரம் தெரிந்தது. வைரம் பாயாத வெளிறுப் பகுதிக்கு, அதாவது மரத்தின் முதிராத வெளிப்பகுதிக்குச் சாயம் ஏற்றி, முதிர்ந்த உள்பகுதியான வைரத்தின் நிறத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பிட்டிலிருந்து விழுந்த துகள் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாகவும் இருந்தது. ஒன்பது மணி நேரம் ஓடி முடித்த அந்தப் பலகையை இரவு மேசைமேல் விட்டுவிட்டு, மறுநாள் காலை பார்த்தபோது செதுக்கிய முகம் குழிந்து, இரண்டு ஓரங்களும் ஏழு மில்லிமீட்டர் மேலே எழும்பியிருந்தன. இரண்டாவது பலகை, பசையால் ஒட்டிய இணைப்பில் நீளவாக்கில் பிளந்தது.

பலகையை நடுவில் அறுத்து, ஒரு துண்டை எடைபோட்டேன்: 62 கிராம். 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மறுபடியும் நிறுத்தபோது 50 கிராம். ஈரத்தின் எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் 24 சதவீதம்! 450 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை 24 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கினால், அறுத்த வாக்கைப் பொறுத்து, அகலத்தில் பத்து மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். அவசரமாகச் சூடேற்றி மேல்தோலை மட்டும் உலர்த்திய மரம் முழுப் பலகையாக இருக்கும்வரை நேராக நிற்கும். நம் இயந்திரம் ஒரு முகத்தின் தோலை எடுத்தவுடன் உள்ளே இருந்த ஈரம் வெளியேறத் தொடங்கி, அந்த முகம் சுருங்கி, பலகை வளைகிறது.

இதையெல்லாம் படங்களோடு எழுதி அனுப்பினேன். "மரம் என்றால் கொஞ்சம் அசையத்தான் செய்யும்" என்பது முதல் பதில். இரண்டு நாள் கழித்து, என் இயந்திரத்தின் சூட்டால்தான் வளைந்தது என்றார்கள். எடைக் கணக்கை அனுப்பினால், வீட்டில் செய்த சோதனையை ஏற்க முடியாது என்றார்கள். பிறகு தளத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் போனேன். அவர்கள் விற்பனையாளரின் விளக்கத்தையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, வெட்டிய மரத்துக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்ற விதியைச் சுட்டினார்கள். அறுக்காமல் உள்ளிருக்கும் ஈரத்தை எப்படிக் காட்டுவது என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே விதியையே ஒட்டி அனுப்பினார்கள். நேற்று மாலை, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. மூன்று மாத வருமானத்துக்கு ஒரே ஒரு வரி!

மரத்தைத் தேர்வு செய்வது பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அதற்கான மனநிலை இல்லை. இவற்றையாவது செய்யுங்கள். ஒரே ஒரு பலகையை முதலில் வாங்கி, நடுவில் அறுத்து, புதிதாக வெட்டிய முகத்தில் அளந்த பிறகு மற்றவற்றுக்குப் பணம் கொடுங்கள். காணொளியில் அளந்து காட்டுவதை நம்பாதீர்கள். சாயம் இருக்கிறதா என்று ஒரு மூலையை மூன்று மில்லிமீட்டராவது இழைத்துப் பாருங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள், என்ன சொன்னாலும் தராதீர்கள். உள்ளீரத்தின் உச்ச அளவையும், அறுத்துச் சோதித்த பலகையையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பணம் வராது என்று தெரிந்த பிறகு, திருப்பி அனுப்பலாம் என்று அறுக்காமல் வைத்திருந்த ஆறு பலகைகளையும் இன்று காலை நடுவில் அறுத்து அளந்தேன். ஒன்றில்கூட ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இல்லை.