மறைப்பதா, உருட்டுவதா, வேலி போடுவதா: எக்செல் திரையை மேக்ரோவால் அடக்கும் வழிகள்

நீலகிரியில் அரவேனு பக்கம் தேயிலைப் பச்சை இலை வாங்கும் ஓர் இடத்துக்கு எக்செல்லில் எடைப் பதிவேடு போட்டுக் கொடுத்தேன். ஏ-யில் விவசாயி எண், பி-யில் பெயர், சி முதல் ஏஜி வரை மாதத்தின் 31 நாட்கள், ஏஹெச்-சில் மொத்தம். அதற்கப்புறம் ஈரக் கழிவு, முன்பணம், உரக் கடன். நான்காம் வரிசையில் ஆரம்பித்து 140 பேர். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசையும் 16,384 நெடுவரிசையும் இருக்கின்றன. எடை போடும் அக்காவுக்கு ஒரு நேரத்தில் வேண்டியது இரண்டே நெடுவரிசைதான்: பெயரும், இன்றைய தேதியும்.

மீதியை எப்படி ஒதுக்குவது? ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் மறைப்பது. சி முதல் ஏஜி வரை ஹிடன் என்று வைத்துவிட்டு, இன்றைய நாளோடு இரண்டைக் கூட்டி வரும் நெடுவரிசையை மட்டும் திறந்துவிட வேண்டும். 17-ம் தேதி என்றால் 19-வது, அதாவது எஸ். மேக்ரோவில், அதாவது எக்செல் தானாகச் செய்ய நாம் எழுதி வைக்கும் சின்ன நிரலில், இரண்டே வரி. இதில் எனக்குப் பிடித்தது, மறைத்தது மறைந்தபடியே சேமிப்பாகிறது. மேக்ரோ ஓடாத கணினியில் திறந்தாலும் அப்படியேதான் இருக்கும். குன்னூரிலிருந்து முதலாளி போனில் பார்க்கிறார். போன் எக்செல்லில் மேக்ரோ ஓடாது, ஆனால் மறைத்தது மறைந்தே தெரிகிறது. மொத்தமும் கெடாது, மறைந்த நெடுவரிசையையும் சம் கூட்டிக்கொள்ளும்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பெயர்ப் பக்கத்திலிருந்து எதையாவது வலப்பக்கம் இழுத்து நிரப்பினால், நடுவில் மறைந்து கிடக்கும் 16 நாட்களிலும் அது எழுதிவிடும். திரையில் ஒரு கட்டம்தான் மாறியது போலத் தெரியும். மாதக் கடைசியில்தான் வெளிச்சத்துக்கு வரும். அதோடு, அக்கம்பக்கத்து நெடுவரிசைகளைப் பிடித்து வலது சொடுக்கில் அன்ஹைட் கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதைத் தடுக்க ஷீட்டுக்குப் பூட்டு போட்டால், நம் மேக்ரோவும் வெளியே நிற்கும். யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி என்று சொல்லிப் பூட்டினால் மேக்ரோவுக்கு மட்டும் கதவு திறக்கும். ஆனால் கோப்பை மூடினதும் அந்தச் சலுகை போய்விடும், திறக்கும்போதெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும்.

அடுத்தது உருட்டுவது. ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டு ஏ, பி இரண்டையும் தலைப்பு வரிசைகளையும் நிறுத்திவிட்டு, உருளும் பகுதி எந்த நெடுவரிசையில் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஸ்க்ரோல்காலமுக்கு 19 என்று கொடுத்தால் பெயருக்குப் பக்கத்திலேயே 17-ம் தேதி வந்து நிற்கும். எதையும் மறைக்கவில்லை, பூட்டவில்லை. நேற்றைய எடையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். பார்க்க அழகாக இருந்ததால் முதல் மாதம் இதைத்தான் வைத்தேன். அதில் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஸ்க்ரோல்காலம் திரையைத்தான் நகர்த்தும். கர்சர் விட்ட இடத்திலேயே இருக்கும். முந்தின நாள் மாலை 16-ம் தேதியின் ஆர்9 கட்டத்தில் நின்றபடி சேமித்திருக்கிறார்கள். மறுநாள் திறந்ததும் மேக்ரோ 17-ம் தேதியைக் காட்டிவிட்டது. வாசலில் மழையில் நனைந்த சாக்குகள், தராசுக்கு முன்னால் வரிசை. அக்கா கண்ணைத் தராசில் வைத்துக்கொண்டு 38 என்று அடித்து என்டர் தட்டினார். தட்டிய மாத்திரத்தில் திரை கர்சர் இருந்த ஆர் நெடுவரிசைக்குத் தாவி, நேற்றைய 52-ஐ அழித்துவிட்டு 38 உட்கார்ந்துகொண்டது. அவர் அண்ணாந்து பார்ப்பதற்குள் அடுத்த நான்கு பேரின் எடையும் அதன் கீழேயே போய்விட்டது.

"தம்பி, நேத்து எங்கிட்ட ஐம்பத்திரெண்டு கிலோன்னு சொல்லித்தானே சீட்டு குடுத்தீங்கன்னு ஒரு விவசாயி கேக்குறாரு. நான் என்ன சொல்ல?" என்று அக்கா போன் செய்தபோதுதான் எனக்கு உறைத்தது. நல்ல வேளை, கையால் எழுதிய சீட்டு எல்லோரிடமும் இருந்தது. ஐந்து பேரின் எடையையும் அதைப் பார்த்துத்தான் மறுபடி ஏற்றினோம். தப்பு அக்காவுடையது இல்லை, என்னுடையது.

இதற்கு மருந்து கோ டூ. அப்ளிகேஷனின் கோ டூ-வில் ஸ்க்ரோல் என்பதை ட்ரூ ஆக்கினால், சொன்ன கட்டத்துக்குக் கர்சரும் போகும், அந்தக் கட்டமே உருளும் பகுதியின் இடது மேல் மூலையில் வந்தும் நிற்கும். திரையும் கர்சரும் ஒன்றாகப் போகிறவரை உருட்டுவதில் ஆபத்து குறைவு. தரவு உள்ளிடும் ஷீட்டில் ஸ்க்ரோல்காலமைத் தனியாக விடவே கூடாது. வெறுமனே பார்க்கிற ஷீட் என்றால் தாராளமாகப் போடலாம்.

மூன்றாவது, ஸ்க்ரோல்ஏரியா. இது வேலி போடுவது. எஸ்4 முதல் எஸ்143 வரை என்று கொடுத்துவிட்டால் அதற்கு வெளியே ஒரு கட்டத்தையும் தொட முடியாது. பக்கத்து நெடுவரிசை கண்ணுக்குத் தெரிந்தாலும் சொடுக்கினால் பிடிக்காது. சூத்திரங்களும் மேக்ரோவும் மட்டும் வேலியைத் தாண்டி எப்போதும் போல வேலை செய்யும். தவறான நாளில் எடை விழுவதைத் தடுக்க இதைவிடக் கறாரான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு தொடர்ச்சியான பகுதியைத்தான் ஏற்கும், துண்டு துண்டாகக் கொடுத்தால் எடுக்காது. வேலியை எடுக்க, வெற்று மேற்கோள் கொடுத்தால் போதும்.

ஆனால் இதற்கு மறதி அதிகம். ஆல்ட்டும் எஃப்11-ம் தட்டி மேக்ரோ எழுதும் எடிட்டரைத் திறந்து, எஃப்4 பண்புப் பெட்டியில் ஸ்க்ரோல்ஏரியாவை அடித்து வைப்பார்கள். அப்போதைக்கு வேலை செய்யும். சேமித்து, மூடி, மறுநாள் திறந்தால் வேலி இருக்காது. கோப்பில் அது சேமிப்பாவதே இல்லை. கோப்பு திறந்ததும் தானாக ஓடும் வொர்க்புக் ஓப்பன் நிகழ்வில் ஒவ்வொரு முறையும் போட வேண்டும். அந்த மேக்ரோ ஓடாத இடத்தில் வேலி கிடையாது. மெயிலில் வந்த கோப்பு என்றால், 2022-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஆபீஸ் மேக்ரோவை நேராகத் தடுத்துவிடுகிறது. கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் போய் அன்பிளாக் டிக் செய்ய வேண்டும். யாராவது மேக்ரோவுக்கு இடமில்லாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகச் சேமித்துவிட்டால் மேக்ரோவே கழன்றுவிடும்.

ஜூம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து ஜூமை ட்ரூ என்றால் அது திரைக்குப் பொருந்திக்கொள்ளும். ப்ரொஜெக்டரில் மாதக் கணக்கைக் காட்ட நல்லது. மொத்தம் வரைக்குமான 34 நெடுவரிசையையும் 15 அங்குலத் திரையில் அடைத்தால் 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. எடை எழுதும் இடத்தில் அது கூடாது.

சரி, கடைசியில் எதை வைத்தேன்? மாதக் கணக்கு ஷீட்டில் மறைப்பும் ஃப்ரீஸும் மட்டும். அது பல கைகளுக்கும் போன்களுக்கும் போகிறது, மேக்ரோவை நம்ப முடியாது. அக்காவின் உள்ளிடும் ஷீட் ஒரே கணினியில் இருப்பது. அங்கே முதலில் கோ டூ, அடுத்து ஸ்க்ரோல்ஏரியா. வேலி இல்லாமல் திறந்துவிட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக, தலைப்பு வரிசையைச் சிவப்பாகவே சேமித்து வைத்திருக்கிறேன். மேக்ரோ ஓடினால் அதைப் பச்சையாக்கும், மூடும்போது சிவப்பாக்கிச் சேமிக்கும். சிவப்பாக இருந்தால் எடை போடாமல் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று பேச்சு.

அப்படி ஒரு காலையில் போன் வந்தது. "பச்சையாத்தான் இருக்கு தம்பி, ஆனா ஒண்ணாந் தேதில நிக்குது." அன்று 23-ம் தேதி. இரவெல்லாம் கரண்ட் இல்லை, கணினிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியும் செத்துப்போய், கடிகாரம் ஏதோ ஒரு வருடத்து ஜனவரி 1-க்குப் போயிருந்தது. வேலி நான் சொன்னபடிதான் நின்றது, தப்பான நாளைச் சுற்றி. கோத்தகிரி கடையில் ஒரு சிஆர்2032 பொத்தான் பேட்டரி வாங்கிப் போட்டோம். இப்போது கோப்பு திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்து தேதியைக் கேட்கிறது. அக்கா சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து அடிக்கிறார்.