தயிரும் கயிறும்: பேச்சொலிக் குறைபாட்டுக்கு நான்கு சிகிச்சை முறைகள்

ஐந்து வயதாகும் பிள்ளை காக்காவைக் காட்டி 'தாத்தா' என்கிறது. கயிற்றைத் 'தயிரு' என்கிறது. சட்டையைத் 'தட்டை' என்கிறது. காது நன்றாகக் கேட்கிறது, உதட்டிலோ நாக்கிலோ அண்ணத்திலோ குறை எதுவும் இல்லை, நாம் சொல்வதெல்லாம் அதற்குப் புரிகிறது. ஆனால் அது பேசுவது அம்மாவுக்குப் பாதி விளங்கினால் பள்ளி ஆசிரியைக்குக் கால்வாசியும் விளங்குவதில்லை. இப்படியொரு பிள்ளை வந்து உட்காரும்போது பேச்சு சிகிச்சையாளர் எந்த முறையைக் கையில் எடுப்பது? எலிஸ் பேக்கரும் ஷாரின் மெக்லியாடும் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 134 ஆய்வுகளை அலசி, பேச்சொலிக் குறைபாட்டுக்கு மட்டும் 46 தனித்தனி முறைகள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நம்மில் பலரோ கல்லூரியில் கற்ற ஒன்றிரண்டை வைத்துக்கொண்டே வருகிற எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிறோம்.

அவற்றுள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளையின் பிழை எந்த வகை என்று சரியாகப் பிரித்தறிவதும், ஆங்கிலத்தை மனத்தில் வைத்து உருவான முறையைத் தமிழின் ஒலியமைப்புக்கு ஏற்பத் திருத்துவதும் நடந்துவிட்டால், முறைகளுக்கிடையே உள்ள போட்டி பெருமளவு தானாகவே தீர்ந்துவிடும்.

மரபான உச்சரிப்புப் பயிற்சி

அமெரிக்காவின் சார்ல்ஸ் வான் ரைப்பர் 1939-இல் வெளியிட்ட பாடநூலின் வழியே பரவிய முறை இது. முதலில் அந்த ஒலியைக் காதால் இனங்காணுதல், பிறகு தனி ஒலி, அசை, சொல், தொடர், கடைசியில் உரையாடல் என்று படிப்படியாக ஏறுவோம். ஒன்றிரண்டு ஒலிகள் மட்டும் பிசகும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, குறிப்பாக 'ர' வராதவருக்கும் 'ச' சொல்லும்போது நாக்கு பல்லுக்கு வெளியே எட்டிப் பார்ப்பவருக்கும், இன்றும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் மேலே சொன்ன பிள்ளைக்கு இது பொருந்தாது. ஒவ்வோர் ஒலியையும் உரையாடல் வரை கொண்டுபோய்விட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது என்றால், ஐந்தாறு ஒலிகளை முடிப்பதற்குள் அது இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். மேலும் அதன் சிக்கல் நாக்கில் இல்லை. 'க'வும் 'த'வும் பொருளை மாற்றும் இரண்டு வேறு ஒலிகள் என்பது அதன் மனத்தில் இன்னும் பதியவில்லை.

இணைச்சொல் முறை

'மினிமல் பேர்' என்று நாம் வழங்கும் இணைச்சொல் முறை குறிவைப்பது இந்தப் பதிவைத்தான். ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களைப் படங்களாக மேசைமேல் வைத்து, பிள்ளையைக் கேட்கச் சொல்லி, அது எதைச் சொல்கிறதோ அந்தப் படத்தையே எடுத்துக் கொடுப்போம். 'கடி'க்காக வைத்த, கடித்த ஆப்பிளின் படத்தை மனத்தில் வைத்து 'தடி' என்றால் கையில் கிடைப்பது தடிதான். பிள்ளை முகம் சுளிக்கும், தலையை ஆட்டும், மறுபடியும் 'தடி' என்றே சொல்லும். மறுபடியும் தடியே கிடைக்கும். தன் வாயிலிருந்து வந்ததற்கும் தான் கேட்டதற்கும் இடைவெளி இருக்கிறது என்று உணரும் அந்த இடத்தில்தான் சிகிச்சை நடக்கிறது. வைனர் 1981-இல் இரண்டு குழந்தைகளிடம் இந்த முறையைச் சோதித்து வெளியிட்ட பிறகு இது பரவலானது. தனியாகப் பணம் கட்டிப் பயில வேண்டிய பயிற்சி எதுவும் இதற்குத் தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி.

தமிழில் இதைச் செய்ய உட்காருகிறவர் முதலில் தடுமாறுவது சொற்பட்டியலில்தான். ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் மலிந்து கிடப்பதால் இணைகள் எளிதில் சிக்கும். தமிழில் பெரும்பாலான சொற்கள் இரண்டு மூன்று அசை கொண்டவை என்பதால் அகராதியைப் புரட்டினால் கிடைப்பது குறைவு. ஆனால் காதைத் திறந்து வைத்தால் நிறையவே கிடைக்கும். எழுத்தில் 'கயிறு', 'தயிர்' இரண்டும் இணையாகவே தெரியாது; தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேசும்போது இரண்டிலும் முதல் ஒலி மட்டுமே வேறு, மற்றதெல்லாம் ஒன்று. இரண்டையும் படமாக வரையலாம், இரண்டையும் நான்கு வயதுப் பிள்ளை அறியும். 'ர'வையும் 'ற'வையும் பிரித்து ஒலிக்கும் வட்டாரத்தில் இதே இணை செல்லாது. ஆகவே பட்டியலை அந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சைக் கேட்டுத் தயாரிக்க வேண்டும். யாரோ தொகுத்த தாளை நகலெடுத்து வைத்துக்கொண்டால் பாதி சொற்கள் வீணாகும். இதற்கு மறுபக்கமும் உண்டு. சொந்தத் தமிழ்ச் சொற்களில் வல்லின ஒலிகள் எப்போது அழுத்தமாகவும் எப்போது மெலிந்தும் ஒலிக்கும் என்பது இடத்தைப் பொறுத்துத் தானாகவே அமைந்துவிடுவதால், அந்த வேறுபாட்டுக்கென ஆங்கிலப் பட்டியல்களில் உள்ள இணைகளுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. குடிக்கிற பாலையும் உதைக்கிற பாலையும் (ball) பிரித்துச் சொல்ல வேண்டிய நகரத்துப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் அது தேவைப்படும்.

முறைக்கு வரம்புகளும் உண்டு. ஒலியை எந்த வகையிலும் எழுப்பவே தெரியாத பிள்ளையிடம் இந்த விளையாட்டை ஆடினால், கேட்டது கிடைக்காத எரிச்சல் மட்டுமே மிஞ்சும். முதலில் 'க' எப்படியாவது வாயில் வந்தாக வேண்டும். சில பிள்ளைகள் சிகிச்சையாளருக்குத்தான் காது கேட்கவில்லை என்று முடிவு செய்து, அதே 'தடி'யை உரக்கக் கத்திச் சொல்வார்கள்.

ஒரே ஒலியைப் பல ஒலிகளின் இடத்தில் போடும் பிள்ளைக்கு லின் வில்லியம்ஸ் 2000-இல் முன்வைத்த பல்முனை வேற்றுமை முறை இன்னும் பொருத்தமானது. க, ச, ப எல்லாமே 'த' ஆகிவிடுகிற பிள்ளைக்கு ஒவ்வொன்றாக இணை போடாமல், 'தட்டை'க்கு எதிரே கட்டை, சட்டை, பட்டை ஆகிய அனைத்தையும் ஒரே அமர்வில் நிறுத்துவோம். எதுகைக்குப் பழகிய மொழியாயிற்றே, இப்படிப்பட்ட வரிசை தமிழில் கேட்காமலே வந்து விழும்; இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வேலை சுலபம். ஜூடித் கீரட் 1989-இல் முன்வைத்த, ஒன்றுக்கொன்று பல வகையிலும் வேறுபடும் ஒலிகளை எதிரெதிரே வைக்கும் பெருவேற்றுமை இணைகளும், பிள்ளைக்கு அறவே தெரியாத கடினமான ஒலியில் தொடங்கினால் எளியவை தாமே வந்துவிடும் என்ற வாதமும் ஏட்டில் ஈர்ப்பாக இருக்கின்றன. ஆனால் சூசன் ர்வாச்சூவும் நோவாக்கும் 2001-இல் 48 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஓரளவு தெரிந்த, முன்னதாகவே வாய்க்கும் ஒலிகளில் தொடங்கிய குழுவே கூடுதல் முன்னேற்றம் கண்டது. கடினமானவை என்று ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளப்படும் சொல் முதல் மெய்க்கூட்டங்கள் ('ஸ்கூல்' என்பதில் போல, சொல்லின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் மெய்கள்) தமிழில் இல்லாததால், அந்த வாதத்தை இங்கே அப்படியே சோதிக்கவும் வழியில்லை. நான் எளிய பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சுழற்சி முறை

பார்பரா ஹாட்சனும் எலேன் பேடனும் 1983-இல் நூலாக்கிய இந்த முறை, பேசுவது கிட்டத்தட்ட யாருக்குமே விளங்காத பிள்ளைகளுக்கென உருவானது. ஓர் ஒலியை முழுமையாக்கும் வரை காத்திருக்காமல், ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சுழற்சியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவோம். எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் தேவையானவற்றை மறுபடியும் எடுப்போம். பொதுவாக மூன்று நான்கு சுழற்சிகள் தேவைப்படும். இயல்பாக வளரும் குழந்தையும் ஒலிகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு நகர்வதில்லை என்பதே இதன் அடிப்படை. அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் குறிப்பிட்ட ஒலியுள்ள சொற்களைச் சற்றே ஒலிபெருக்கிக் கேட்க வைக்கிறோம். நடுவில் நான்கைந்து சொற்களை மட்டும் விளையாட்டினூடே சொல்ல வைக்கிறோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு நிமிட வேலை மட்டுமே கொடுத்தனுப்புகிறோம்.

தமிழுக்கு இதை எடுத்து வருவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஹாட்சனின் முதன்மை இலக்குகளில் சொல்லிறுதி மெய்களும் 'ஸ்' தொடங்கும் மெய்க்கூட்டங்களும் முக்கிய இடம் பெறுகின்றன, ஏனெனில் ஆங்கிலத்தில் அவை விடுபட்டால் பேச்சே குலைந்துபோகும். தமிழ்ப் பேச்சில் பால் 'பாலு' ஆகிறது, கால் 'காலு' ஆகிறது, மரத்தின் கடைசி மகரம் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. வீட்டில் யாரும் சொல்லாத இறுதி மெய்யைப் பிள்ளைக்கு ஏன் புகட்ட வேண்டும்? ஸ்கூலைப் பெரியவர்களே 'இஸ்கூல்' என்று சொல்லும் குடும்பத்தில் மெய்க்கூட்டத்துக்கு ஒரு சுழற்சியைச் செலவிடுவதும் அப்படித்தான். அந்த இடங்களில் நான் வைப்பவை வேறு. 'தக்காளி'யை 'காளி' என்றும் 'முருங்கக்கா'வை 'முங்கக்கா' என்றும் சுருக்குகிற பிள்ளைக்கு அசை எண்ணிக்கையை முதலில் வைப்பேன். பிறகு 'படு', 'பட்டு' என்று இரட்டிக்கும் ஒலிக்கும் இரட்டிக்காததற்கும் உள்ள வேறுபாடு. பிறகு 'க' போன்ற பின்னண்ண ஒலிகள். அதன் பின் ல, ள. 'ழ' பற்றி ஒரு வார்த்தை: சென்னையில் பலர் 'வாயப்பயம்' என்கிறார்கள், தெற்கே பலர் 'வாளப்பளம்' என்கிறார்கள். சுற்றியிருக்கும் பெரியவர்களே அப்படிப் பேசும்போது அதைப் பிள்ளையின் குறைபாட்டுப் பட்டியலில் ஏற்றுவது முறையல்ல; பள்ளியில் எழுத்துத் தமிழைப் படிக்கும்போது வேண்டுமானால் அதைத் தனியே கற்பிக்கலாம்.

மையச்சொல் முறை

மேலே பார்த்த மூன்றும், பிழை ஒழுங்காக வருகிறது என்று எடுத்துக்கொள்கின்றன: 'க' எப்போதும் 'த' ஆகிறது. அப்படி இல்லாத பிள்ளைகள் உண்டு. தக்காளிப் படத்தைக் காட்டினால் முதல் தடவை 'தத்தாயி', சிறிது நேரம் கழித்து 'கக்காளி', மூன்றாவது தடவை 'தாளி'. பார்பரா டாட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த சோதனையில், 25 சொற்களை ஒரே அமர்வில் இடைவெளி விட்டு மூன்று முறை சொல்ல வைக்கிறோம். அவற்றில் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாறிமாறி வந்தால் அது ஒழுங்கற்ற பேச்சொலிக் குறைபாடு எனக் கொள்கிறோம். வாய் அசைவைத் திட்டமிடுவதிலேயே சிக்கலுள்ள அப்ராக்சியாவை இதிலிருந்து பிரித்தறிய வேண்டும். அதற்கான சிகிச்சை வேறு.

ஒழுங்கற்ற பிழை உள்ள பிள்ளைக்கு இணைச்சொற்கள் அவ்வளவாக உதவுவதில்லை. மையச்சொல் முறையில் பெற்றோரும் ஆசிரியையும் சேர்ந்து, பிள்ளைக்கு அன்றாடம் தேவைப்படும் ஐம்பதுக்கு மேற்பட்ட சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: தன் பெயர், தம்பி பெயர், பிடித்த தின்பண்டம், 'பாத்ரூம்', வகுப்பாசிரியை பெயர். வாரத்துக்குப் பத்துச் சொற்கள் வரை எடுத்து, பிள்ளையால் இயன்ற மிகச் சிறந்த வடிவத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்லப் பழக்குகிறோம். அந்த வடிவத்தில் வயதுக்கேற்ற பிழை ஏதும் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். மாறாமல் வருவதே இலக்கு. பெற்றோருக்கு இதை விளக்கித் தெளிய வைப்பதுதான் கடினம், 'தப்பாகச் சொன்னாலும் சரி என்கிறீர்களே' என்று கேட்பார்கள். க்ராஸ்பி, ஹோம், டாட் மூவரும் 2005-இல் 18 பிள்ளைகளுக்கு இரு முறைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, ஒழுங்கற்ற பிழை உள்ளவர்களுக்கு மையச்சொல் முறையும், ஒழுங்கான பிழை உள்ளவர்களுக்கு இணைச்சொல் போன்ற ஒலி வேற்றுமை முறையும் கூடுதல் பலன் தந்தன. எனவே எந்த முறை என்ற விவாதத்துக்கு முன்பே அந்த 25 சொல் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. ஓர் அமர்வில் முடிகிற வேலைதான்.

கற்பதும் கைவிடுவதும்

1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும் என்பதால், ஆண்டுதோறும் நாம் ஏதோ ஒரு பயிலரங்கில் உட்காருகிறோம். எந்தப் பயிலரங்கு என்பதைப் புள்ளிக்காகத் தேர்ந்தெடுப்பதா, நம்மிடம் வரும் பிள்ளைகளுக்காகத் தேர்ந்தெடுப்பதா என்பதைப் பெரும்பாலும் கட்டணமும் ஊர்த் தொலைவும் முடிவு செய்துவிடுகின்றன. இங்கே அலசிய நான்கில் எதற்கும் விலையுயர்ந்த சான்றிதழ் தேவையில்லை. வெளியான கட்டுரைகளை இரண்டு மூன்று சக சிகிச்சையாளர்கள் கூடிப் படித்து, தங்கள் வட்டாரப் பேச்சுக்கேற்ற படத்தொகுப்பை உருவாக்கி, ஒருவர் அமர்வை மற்றவர் வீடியோவில் பார்த்துத் திருத்தினால் அதுவே உருப்படியான பயிற்சி.

கைவிட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. விசில் ஊதுவது, உறிஞ்சு குழல், கன்னத்தை உப்புவது, உதட்டில் தேன் தடவி நாக்கால் நக்கச் சொல்வது ஆகிய பேச்சில்லா வாய்ப் பயிற்சிகளைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் லாஃபும் வாட்சனும் 2008-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 85 சதவீத சிகிச்சையாளர்கள் இவற்றைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பேச்சொலிக் குறைபாட்டுக்கு இவை உதவுகின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு கூறியது. பெற்றோருக்கு இவை 'ஏதோ செய்கிறார்கள்' என்ற நிறைவைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் அரை மணி நேர அமர்வில் பத்து நிமிடம் ஊதலுக்குப் போனால், குறிப்பிட்ட ஒலியைச் சொல்லிப் பழக அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் போகிறது. பிள்ளை ஓர் அமர்வில் எத்தனை முறை இலக்குச் சொல்லைச் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்தால், முறையைக் குறை சொல்வதற்கு முன் நம் அமர்வின் வேகத்தைக் கூட்ட வேண்டியிருப்பது தெரியவரும்.

இனி நடைமுறைக் கணக்கு. மையச்சொல் முறைக்கு வாரம் இரண்டு அமர்வுகள் வேண்டும். அவ்வளவு வர முடியாத குடும்பத்துக்கு ஓர் அமர்வை வீடியோ அழைப்பிலாவது வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தொடங்காமலிருப்பது மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் குடும்பத்துக்குச் சுழற்சி முறையே ஓரளவு தாங்கும், வீட்டில் இரண்டு நிமிடக் கேட்டல் வேலையை எந்தப் பாட்டியும் செய்துவிடலாம். இணைச்சொல் விளையாட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது மட்டும் ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும். அம்மாவுக்குப் பிள்ளை என்ன கேட்கிறது என்று முன்பே தெரிந்துவிடுவதால், அது 'தயிரு' என்றாலும் அவர் கை தானாகக் கயிற்றைத்தான் எடுத்துக் கொடுக்கும். விளையாட்டின் உயிரே போய்விடும். அந்த வேலைக்கு, பிள்ளையின் பேச்சு அவ்வளவாகப் பழகாத பக்கத்து வீட்டு அக்காவோ ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவோதான் சரி.