மொட்டைமாடியில் சக்குலண்ட் கட்டிங்: சில வருட அனுபவம்

சென்னையில் மொட்டைமாடியில் சில வருடமாகக் கட்டிங் போட்டு, அதாவது இலையையோ தண்டையோ எடுத்து நட்டு, சக்குலண்ட் என்கிற தண்ணீர் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகளைப் பெருக்கிவருகிறேன். கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: இந்த ஊர்ப் புழுக்கத்துக்குத் தண்டுக் கட்டிங்தான் லாயக்கு, இலையை வைத்து வளர்ப்பது பொறுமையும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருப்பவர்களுக்கு.

தட்டில் வரிசையாக எச்செவேரியா (ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய சக்குலண்ட்) இலைகளைப் பரப்பி, எல்லாவற்றிலும் குட்டிச் செடி வந்துவிட்டதாகக் காட்டும் வீடியோக்கள் பெரும்பாலும் ராத்திரி குளிரும் ஊர்களில் எடுத்தவை. எச்செவேரியாவில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டு நிலத்துச் செடிகள். இந்த வகைச் செடிகள் பகலில் இலைத் துளைகளை மூடிவைத்து, தண்ணீரை மிச்சம் பிடித்துக்கொண்டு, இரவில்தான் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், ஆக ராத்திரியிலும் வியர்க்கிற மே மாதச் சென்னையில் அவை திணறுவதில் ஆச்சரியமில்லை. இலையில் முயற்சி செய்தே ஆகவேண்டும் என்றால் கிராப்டோபெட்டலத்தில் ஆரம்பியுங்கள். சாம்பல் பூத்த இலை, நர்சரிகளில் கோஸ்ட் பிளான்ட் என்பார்கள். இலையை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தால் அடியோடு கழன்று வரும். பாதியில் பிய்ந்தால் தூக்கிப் போடுங்கள், குட்டி அந்த அடிப்பகுதியிலிருந்துதான் வரவேண்டும். நிழலில் காயவிட்டு மண்ணின் மேல் சும்மா படுக்கவைத்தால் போதும். முதலில் இளஞ்சிவப்பில் நூல் மாதிரி வேர் வரும், பிறகு அரிசி அளவுக்கு ஒரு குட்டி. பழைய இலை சுருங்கிச் சருகாகும் வரை அதைப் பிய்க்காதீர்கள், குட்டிக்குச் சாப்பாடே அதுதான்.

தண்டு விஷயத்தில் நட்சத்திரம், இங்கே ஜேட் என்று விற்கப்படும் சின்ன இலைச் செடி. பெரும்பாலும் அது போர்ட்டுலகேரியா, உண்மையான ஜேடான கிராசுலா இல்லை. தென்னாப்பிரிக்காவில் யானைகள் மேயும் புதர், ஒடிந்து விழுந்த கிளையே மண்ணில் வேர்பிடிக்கும். விரல் நீளக் கிளையை வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள். கொஞ்ச நாள் தண்ணீர் காட்டவே வேண்டாம். இலை லேசாகச் சுருங்குவதைப் பார்த்துப் பதறிச் சொம்பைத் தூக்கினால் அடி அழுகிவிடும். மெதுவாக இழுத்துப் பார்த்து, மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் வேர்விட்டாயிற்று என்று அர்த்தம். வேர்விடத் தூண்டும் வேர்ப் பொடி எல்லாம் இதற்குத் தண்டச் செலவு.

மண்ணைப் பற்றி: கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) அதிகம் போட்ட கலவை இங்கே காயவே காயாது. நர்சரியிலிருந்து வரும் செடிகளே பல சமயம் அப்படித்தான் வருகின்றன. நான் பாதிக்கு மேல் சலித்த பருமணலும் செங்கல் உடைசலும், மீதி தோட்ட மண்ணும் கொஞ்சம் மக்கிய உரமும் சேர்க்கிறேன். மண்ணை இளக்கும் வெள்ளைக் குருணையான பெர்லைட் நல்லதுதான், ஆனால் விலைக்கு நான் வாங்குவதில்லை.

பாம்புச் செடி (சான்சிவேரியா) இலையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டாலும் வரும், மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள், தலைகீழாக நட்டால் வேர் வராது. நான் அடிப்பக்கத்தைக் கூம்பாக வெட்டிவிடுவேன், குழப்பமே வராது. இன்னொன்று: மஞ்சள் ஓரம் போட்ட வகையை இலைத் துண்டில் பெருக்கினால் குட்டிகள் வெறும் பச்சையாகத்தான் வரும். அந்த மஞ்சள் வேண்டுமானால் வேரோடு பக்கக் கன்றைப் பிரித்து நடுவது ஒன்றே வழி. சோற்றுக்கற்றாழைக்கும் பக்கக் கன்றுதான், இலையை நட்டால் அழுகும். ரணகள்ளிக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டாம், இலை விளிம்பிலேயே குட்டிகள் முளைத்துப் பக்கத்துத் தொட்டிகளையும் பிடித்துக்கொள்ளும்.

வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, புதிதாக எதையும் வெட்டுவதில்லை. இருக்கிற தட்டுகளைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுவேன். எனக்கு ஜனவரி, பிப்ரவரிதான் தோதான காலம். வெயில் ஏறியதும் பச்சை வலை கட்டாமல் முடியாது.

மாவுப்பூச்சி மட்டும் வருடம் முழுக்க. தொட்டியில் எறும்பு ஊர்ந்தால் இலைக்கணுவில் வெள்ளையாகப் பஞ்சு தெரிகிறதா என்று பாருங்கள், எறும்பு சும்மா வராது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் சாயந்திரத்தில் தெளிக்கலாம், ஆனால் கோஸ்ட் பிளான்ட் மேலுள்ள சாம்பல் பூச்சு போய்விடும். அதற்கு மட்டும் நான் ஸ்பிரிட்டில் நனைத்த பட்ஸை வைத்து ஒவ்வொரு பூச்சியாகத் துடைத்து எடுக்கிறேன். ரொம்ப முற்றிவிட்டால் நுனியில் பூச்சியில்லாத கிளையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை மண்ணோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவேன்.