லண்டனில் பிறந்த பிள்ளைக்கு எந்தப் பிரஜாவுரிமை முதலில்?

தங்கச்சிக்கு லண்டனில் மகள் பிறந்த அன்று யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மா அயலட்டை முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். கையோடு ஒரு செய்தியும் கொடுத்தார்: பேத்தி பிரிட்டிஷ் சிற்றிசன். "இல்லையம்மா, அப்படியில்லை" என்று சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை, ஏனென்றால் தங்கச்சியின் விசா அலுவல்களைப் பார்த்துக் கொடுத்த ஆளே "அங்கே பிறந்தால் போதும்" என்று சொல்லியிருந்தார்.

இந்தக் குழப்பம் கனடாவால் வந்தது. ரொறன்ரோவில் பெரியம்மாவின் மகனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் பிறந்த நிமிடமே கனடியர்கள், அப்போது அவருடைய அகதி வழக்கே முடியவில்லை. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்கைத் தவிர அங்கே எல்லோருக்கும் அதுதான் சட்டம். பிரித்தானியா 1983 ஜனவரி 1 முதல் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. பிறந்த நாளில் தாயோ தகப்பனோ பிரித்தானியப் பிரஜையாக இருக்க வேண்டும், அல்லது நிரந்தர வதிவிடம், அதாவது எல்லோரும் சொல்கிற ஐ.எல்.ஆர், கையில் இருக்க வேண்டும். தங்கச்சியும் மச்சானும் இருப்பது வேலை விசாவில். ஆகவே பிள்ளையின் லண்டன் பிறப்புச் சான்றிதழ் அவள் எங்கே, எப்போது பிறந்தாள் என்பதற்குத்தான் சாட்சி, அவள் எந்த நாட்டவள் என்பதற்கு அல்ல.

நான் கச்சேரியடியில், அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில், பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறவன். இப்படிப்பட்ட கோப்புகள் மேசைக்கு வந்து போகும். ஆனால் சொந்த மருமகளுக்கு என்று வந்தபோதுதான் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். அவளுக்கு இருப்பவை மூன்று.

முதலாவது, காத்திருப்பது. பெற்றோரில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர் கிடைத்ததும் பிள்ளையைப் பிரித்தானியப் பிரஜையாகப் பதியலாம். எம்.என்.1 என்ற படிவம். 18 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இருவருக்கும் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒருவர் போதும். 2025 இல் கட்டணம் ஆயிரம் பவுணுக்கு மேல் இருந்தது, கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கட்டண விலக்குக் கேட்கலாம் என்று 2022 இல் வந்தது. இந்த வழியில் பதியப்படும் பிள்ளை பிறப்பால் வந்த பிரஜை போலவே தன் பிரஜாவுரிமையை வெளிநாட்டில் பிறக்கும் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும். பலருக்குத் தெரியாத நல்ல விடயம் இது.

இரண்டாவது, பிள்ளையின் பத்து வயது. பிரித்தானியாவில் பிறந்து முதல் பத்து வருடமும் அங்கேயே வளர்ந்த பிள்ளை, பெற்றோரிடம் என்ன விசா இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும், தன் சொந்த உரிமையாகப் பதியலாம். இதற்குப் படிவம் ரி. வருடத்துக்கு 90 நாளுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே நின்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழா 25 நாள், பள்ளி விடுமுறை ஆறு கிழமை என்பதால் ஊருக்கு வந்து போவதில் சிக்கல் இல்லை, ஆனால் "அம்மம்மாவோடு ஒரு வருடம் விட்டுவிட்டுப் போகிறோம்" என்ற கதை இந்த வழியில் போகிறவர்களுக்குச் சரிவராது. இதற்கு வயது மேலெல்லை கிடையாது, முப்பதிலும் விண்ணப்பிக்கலாம். சிக்கல் எல்லாம் சாட்சியத்தில். பத்து வருடமும் அங்கேதான் இருந்தாள் என்று வருடம் வருடமாகக் காட்ட வேண்டும். தங்கச்சியிடம் நான் முதலில் சொன்னதே, அந்தத் தடுப்பூசிப் பதிவுச் சிவப்புப் புத்தகத்தை எறிந்துவிடாதே என்றுதான். பள்ளிக்குப் போவதற்கு முந்திய நாலு வருடத்துக்குத்தான் கடதாசி கிடைப்பது கஷ்டம்.

வழமையாக இந்த இரண்டில் முதலாவதுதான் வேகம், வேலை விசாவில் ஐந்து வருடத்தில் ஐ.எல்.ஆர் என்பது பழகிப்போன கணக்கு. ஆனால் அந்த ஐந்தைப் பத்தாக்கும் திட்டத்தை அந்த நாட்டு அரசாங்கம் 2025 மேயில் வெளியிட்டது. அப்படி நீண்டால் இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே காலத்துக்கு வந்துவிடும், பெற்றோரின் ஐ.எல்.ஆர் பிந்தினால் இரண்டாவது வழி முந்தவும் கூடும். அதனால் ஒரு வழியை மட்டும் நம்பி மற்றதற்கான கடதாசிகளைச் சேர்க்காமல் விடுவது புத்தியில்லை. இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு விடயம்: பத்து வயது தாண்டிய பிள்ளை என்றால் நன்னடத்தையும் பார்ப்பார்கள்.

மூன்றாவது, இலங்கை. பலர் முகம் சுளிப்பது இதற்குத்தான். "லண்டனில் பிறந்ததுக்கு எதற்கு இலங்கைப் பாஸ்போர்ட்?" என்று மச்சானும் கேட்டார். நான் திருப்பிக் கேட்டது: அப்படியென்றால் இன்றைக்கு அவள் எந்த நாட்டவள்? பதியும்வரை இலங்கையளவில் அவள் யாரும் இல்லை. எங்கள் பிரஜாவுரிமைச் சட்டம் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிப் பிரஜாவுரிமை தானாக வராது, பிறப்பைப் பதிய வேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்குள். பிந்தினால் தண்டப்பணம், ஏன் பிந்தியது என்ற விளக்கம் எல்லாம் வரும். 2003 வரை மணமான பெற்றோரென்றால் தகப்பன் வழிதான், அந்த வருடத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கைப் பிரஜை என்றாலும் போதும். லண்டன் உயர்ஸ்தானிகராலயத்தில் கொடுக்கலாம், இல்லையென்றால் இங்கே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். செலவைப் பார்த்தால் ஆயிரம் பவுணுக்குப் பக்கத்தில்கூட வராது.

இதில் செலவாவது பணத்தைவிட மூளை. தங்கச்சியின் பழைய பிறப்புச் சான்றிதழ் தமிழில். அதை மொழிபெயர்த்தபோது அவளுடைய பெயரில் 'சிவ' என்ற பகுதியை எஸ், ஐ என்று எழுதினேன். அவளுடைய பாஸ்போர்ட்டில் எஸ், எச், ஐ. விவாகச் சான்றிதழில் மறுபடி வேறு. லண்டன் பிறப்புச் சான்றிதழில் மச்சானின் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறி, அவருடைய சொந்தப் பெயர் நடுவில் போய் நின்றது. நாலு கடதாசி, ஒரே மனிதர்கள், நாலு எழுத்துக்கூட்டல். சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக்கடதாசி முடித்து, நான் மொழிபெயர்ப்பைத் திரும்ப அடித்து அனுப்பினேன். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள், சரியான உச்சரிப்பு எது என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சிலர் நாலாவதாக ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: இலங்கையில் பதியாமல் விடு, பிள்ளை நாடற்றவளாக இருப்பாள், ஐந்து வருடத்தில் அந்தக் காரணத்தைச் சொல்லியே பிரிட்டிஷ் எடுக்கலாம். ஒரு காலத்தில் இது வேலை செய்தது, இந்தியப் பெற்றோரின் பிள்ளை ஒன்றின் வழக்கு 2017 இல் வென்றும் இருக்கிறது. 2022 சட்டம் அதில் பெரிய பூட்டுப் போட்டது, பெற்றோரின் நாட்டுப் பிரஜாவுரிமையை நியாயமாக எடுத்திருக்கக்கூடிய பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. எனக்கு அந்த யோசனை முன்பும் பிடிக்காது. ஐந்து வருடம் பிள்ளையை ஒரு நாட்டிலும் சேராமல் வைத்திருந்து, அம்மம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட வர முடியாமல் நிற்பது என்ன கெட்டித்தனம்?

ஒருவருக்கு மட்டும் நான் மூன்றாவதைச் சொல்ல மாட்டேன். இலங்கை அரசுக்குப் பயந்து அகதி கேட்டவர்கள், வழக்கு நடந்தாலும் அந்தஸ்து கிடைத்திருந்தாலும், சட்டத்தரணியைக் கேளாமல் உயர்ஸ்தானிகராலயப் படி ஏறக் கூடாது. அவர்களுக்கு முதலிரண்டு வழிகள்தான் வழி.

சுவிஸில் இருக்கிற சித்தப்பாவின் மகன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். அவனுடைய பிள்ளை அங்கே பிறந்து, சுவிஸ் ஜேர்மன் தவிர வேறு பாஷையில் சண்டை பிடிக்கத் தெரியாத ஆள், ஆனாலும் பிறந்த இடம் அங்கே எண்ணப்படாது. பத்து வருட வதிவிடம் வேண்டும், 8 முதல் 18 வயது வரையான வருடங்கள் இரட்டிப்பாகக் கணக்கில் வரும் என்பது மட்டும் ஆறுதல்.

மூன்றாவது வழியை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் லண்டன் அல்ல, எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பிள்ளை. தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்ததால் பெற்றோர் இருவரும் இலங்கையர் என்ற பிள்ளைக்கு இந்தியப் பிரஜாவுரிமை பிறப்பால் இல்லை. சென்னையில் இருக்கும்போது துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியவும் இல்லை. இங்கே வந்து பள்ளிக்கூடம் போனாள், சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில்தான் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். தகப்பன் ஒரு பொலித்தீன் பையில் முகாம் அட்டையையும் மழையில் நனைந்த இந்தியப் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மை ஊறி மாதம் தெரியவில்லை.

தங்கச்சிக்கு அந்தக் கதையைச் சொன்ன பிறகு மச்சான் வாதாடவில்லை. பிரித்தானியா இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தடை சொல்வதில்லை, அதனால் இலங்கையில் பதிவது பிறகு எம்.என்.1 போடுவதைக் கெடுக்காது. இலங்கையிலும் இரட்டைப் பிரஜாவுரிமை 1987 முதல் சட்டத்தில் இருக்கிறது, வளர்ந்த பிறகு வேண்டுமென்றால் அவளே பார்த்துக்கொள்வாள். பிள்ளைக்குப் பதினொரு மாதமானபோது கொடுத்தார்கள், தண்டப்பணம் இல்லாமல் தப்பியாயிற்று. அடுத்தது பாஸ்போர்ட், அப்புறம் அவள் திரும்பி உள்ளே போவதற்கான விசா. அந்த விசா இல்லாமல் ஊருக்குப் புறப்படக் கூடாது என்று நேற்றும் போனில் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "அப்ப பேத்தி இலங்கைக்காரி" என்றார். இந்தச் செய்தியை அயலட்டைக்கு அவர் இன்னும் சொல்லவில்லை.