0.70 முதல் 2.46 வரை: நம்பிக்கை இடைவெளிப் பாடத்துக்கு ஆர் மென்பொருள்

இளநிலை முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் அறிமுகத் தாளை நடத்துகிறவன் என்ற முறையில், சென்ற பருவத்தில் நம்பிக்கை இடைவெளி (ஒரு மாதிரியை வைத்து, தெரியாத உண்மைச் சராசரி போன்ற ஒன்றுக்கு நாம் மதிப்பிடும் கீழ், மேல் எல்லைகள்) என்னும் பாடத்தைப் பெரும்பாலும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை வைத்தே நடத்திப் பார்த்தேன். அந்த ஒரு பாடத்துக்கு அது எந்த அளவு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பற்றியது மட்டுமே இந்த மதிப்புரை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் தொடங்கி, 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 என்ற பதிப்பு எண்ணைத் தொட்ட இம்மென்பொருளுக்கு விலை கிடையாது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். எங்கள் ஆய்வகத்தின் பழைய கணினிகளிலும் தடங்கலின்றி ஓடியது.

இதனுடனேயே வந்துவிடும் தரவுத் தொகுப்புகளில் ஒன்று 'ஸ்லீப்'. பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைத் தனித்தனியே கொடுத்து, ஒவ்வொன்றாலும் எத்தனை மணி நேரம் தூக்கம் கூடியது என்று குறித்த எண்கள் அதில் உள்ளன. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரையில் எடுத்தாண்ட எண்கள் இவை. சிறிய மாதிரிகளுக்கென நாம் இன்று பயன்படுத்தும் டி பரவல் பிறந்தது அக்கட்டுரையில்தான் என்பதால், பாடத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான தரவு எனக்குத் தெரியவில்லை.

முதல் வகுப்பில் கணினியை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டாம் மருந்தின் எண்ணிலிருந்து முதல் மருந்தின் எண்ணைக் கழித்துக் கரும்பலகையில் எழுதினோம்: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இவற்றின் சராசரி 1.58 மணி, திட்டவிலக்கம் 1.23. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், மாதிரிச் சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழை 0.389 வருகிறது. டி அட்டவணையில் (பத்தில் ஒன்று குறைத்து) 9-க்கு நேரே உள்ள 2.262-ஆல் அதைப் பெருக்கினால் 0.88. ஆக, இதைச் சராசரியிலிருந்து கழித்தும் அதனோடு கூட்டியும் பெறும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.70 மணியிலிருந்து 2.46 மணி வரை. மறுநாள் ஆய்வகத்தில் 'டி.டெஸ்ட்' கட்டளையை இட்டபோது திரையில் அதே 0.70, அதே 2.46. கையால் போட்ட விடையைக் கணினி அப்படியே திருப்பிச் சொல்லும்போது மாணவர் முகத்தில் வரும் தெளிவு, நேராகக் கணினியில் தொடங்கினால் வருவதில்லை.

விரிதாளிலேயே இதைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் அங்கே மூன்று இடங்களில் கால் இடறும். எக்செலிலும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கிலும் 'கான்ஃபிடன்ஸ்.நார்ம்', 'கான்ஃபிடன்ஸ்.டி' என்று இரண்டு சார்புகள் இருக்கின்றன. முன்னது 1.96-ஐப் பயன்படுத்தி 0.76 என்றும், பின்னது 2.262-ஐப் பயன்படுத்தி 0.88 என்றும் தரும். பத்தே பத்து எண்கள் உள்ள மாதிரிக்குப் பின்னதுதான் சரி என்பதைப் பயன்படுத்துபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அடுத்து, இவை தருவது இடைவெளியை அல்ல, அதன் பாதி அகலத்தை மட்டுமே. சராசரியோடு கூட்டுவதும் கழிப்பதும் நம் வேலை. மூன்றாவதுதான் மோசமானது: சார்பின் முதல் இடத்தில் 0.05 என்று, அதாவது தவறுவதற்கு விடும் 5 சதவீதத்தை, கொடுக்க வேண்டும். 95 சதவீதம்தானே என்று 0.95 கொடுத்துவிட்டால், 1.58-க்கு இருபுறமும் 0.03 அளவுகூட இல்லாத ஓர் இடைவெளி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்து நிற்கும். இவ்வளவு குறுகிய இடைவெளியைக் கண்டு சந்தேகப்படுவதற்குப் பதிலாக, கணிப்பு மிகத் துல்லியமாக வந்திருப்பதாக ஒரு மாணவி மகிழ்ந்துபோனதை நான் நேரில் பார்த்தேன். ஆர் மென்பொருளில் 0.95 என்றே கொடுக்கலாம், இடைவெளியின் இரு முனைகளும் சேர்ந்தே வரும்.

அதற்காக ஆர் நமக்காகச் சிந்தித்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே இருபது எண்களை, ஒரே நோயாளியிடமிருந்து வந்த இணைகள் என்று சொல்லாமல் இரண்டு தனிக் குழுக்களாகக் கொடுத்தால், அது மறுபேச்சின்றி, தனிக் குழுக்கள் இரண்டின் சராசரிகளை ஒப்பிடும் வெல்ச் முறையில் கணக்கிட்டு, மைனஸ் 3.37 முதல் 0.21 வரை என்று ஓர் இடைவெளியைத் தருகிறது. முதல் குழுவிலிருந்து இரண்டாவதைக் கழிப்பதால் குறி மாறியிருப்பது ஒரு புறம் இருக்க, இந்த இடைவெளி பூஜ்யத்தை உள்ளடக்கியிருக்கிறது. அதாவது இரு மருந்துகளுக்கும் வேறுபாடே இல்லாமல்கூட இருக்கலாம் என்று பொருள்பட்டுவிடுகிறது. எண்கள் மாறவில்லை, அவை எப்படித் திரட்டப்பட்டன என்ற ஒரு தகவல் விடுபட்டதுதான் மாற்றம். நோயாளிக்கு நோயாளி தூக்கத்தில் இருக்கும் பெரிய ஏற்ற இறக்கம் இணைத்துக் கழிக்கும்போது நீங்கிவிடுகிறது, தனித்தனியாக வைத்தால் திட்டப்பிழையில் ஏறிக்கொள்கிறது என்பதை ஒரு முழு வகுப்பு இந்த இரண்டு வெளியீடுகளையும் அருகருகே வைத்தே விளக்கினேன்.

இனி, பொருள்கொள்ளும் பகுதி. இடைவெளியைக் கட்டுவதைவிட இதுவே கடினம். ஆர் மென்பொருள் தன் அருமையைக் காட்டுவதும் இங்கேதான். "சார், அப்போ 95 சதவீத நோயாளிகளுக்கு 0.70-லிருந்து 2.46 மணி வரைக்கும் தூக்கம் கூடும், சரிதானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். பலகையிலிருந்த பத்து எண்களையும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். 0.0 வெளியே, 4.6 வெளியே; உள்ளே இருப்பவர்கள் எட்டுப் பேர்தான். நம்பிக்கை இடைவெளி தனி நோயாளிகளைப் பற்றிப் பேசவில்லை, மாதிரி எந்தப் பெருங்கூட்டத்திலிருந்து வந்ததோ அந்த முழுமைத்தொகுதியின் சராசரி வேறுபாட்டைப் பற்றியே பேசுகிறது என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன.

அடுத்த தவறு இதைவிட நுட்பமானது: உண்மைச் சராசரி இந்த இடைவெளிக்குள் இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு என்பது. இடைவெளி மதிப்பீட்டுக் கோட்பாட்டை 1937-இல் விரிவாக வகுத்தளித்த புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன், இந்த நிகழ்தகவு கையிலிருக்கும் ஓர் இடைவெளிக்கு உரியதன்று, அதை உண்டாக்கிய முறைக்கே உரியது என்பதில் உறுதியாக இருந்தார். வாயால் இதை எத்தனை முறை சொன்னாலும் மாணவருக்குச் சொல்விளையாட்டாகவே தோன்றும். ஆர் மென்பொருளில் 'ரெப்ளிகேட்' என்று ஒரு கட்டளை உண்டு. சராசரி 50, திட்டவிலக்கம் 10 கொண்ட முழுமைத்தொகுதியிலிருந்து பத்துப் பத்தாக ஆயிரம் மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி கட்டி, அவற்றில் எத்தனை 50-ஐப் பிடித்தன என்று எண்ணச் சொன்னோம். ஒவ்வொரு கணினியிலும் வேறு வேறு எண் வந்தது. ஆனால் எல்லாமே 950-ஐ ஒட்டியே நின்றன. இங்கே உண்மைச் சராசரி அசையவில்லை, நாமே அதை 50 என்று வைத்திருக்கிறோம், அசைந்தது இடைவெளிதான். பிறகு 2.262-க்குப் பதிலாக 1.96-ஐப் போட்டு மீண்டும் ஓட்டினால், பிடிப்பவை ஏறத்தாழ 918-க்கு இறங்கிவிடும். கோசெட்டின் அட்டவணை எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

இருபது இடைவெளிகளை மட்டும் வரைந்தபோது, ஒன்றுகூடத் தவறவில்லையே, கணக்கில் பிழையோ என்று சிலர் கவலைப்பட்டார்கள். இருபதில் ஒன்று கட்டாயம் தவற வேண்டும் என்பதல்ல, இருபது 0.95-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 0.36 வருகிறது, எனவே மூன்றில் ஒரு முறைக்குச் சற்று மேலாகவே இருபதும் சரியாக அமைந்துவிடும்.

விகிதங்களுக்கான பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டாம் மருந்தால் தூக்கம் கூடுதல் என்று எடுத்துக்கொண்டு, பாடநூல்களில் வழக்கமாகக் காணும் சூத்திரத்தைப் போட்டால் 0.71 முதல் 1.09 வரை என்று வரும். எந்த விகிதமும் ஒன்றைத் தாண்டாது என்பதால் இது பொருளற்றது. 'பைனாம்.டெஸ்ட்' 0.55 முதல் 0.997 வரை என்றும், 'ப்ராப்.டெஸ்ட்' 0.54 முதல் 0.995 வரை என்றும் தருகின்றன. இரண்டும் வெவ்வேறு முறைகள், இரண்டுமே எல்லைக்குள் நிற்கின்றன. ஆனால் விடை பாடநூலோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்ற விளக்கம் திரையில் இருக்காது. அதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மணியில் பத்தில் ஒரு பங்கு வரை மட்டுமே அளந்த தரவுக்கு 0.7001142 என்று ஏழு தசம இடங்கள் காட்டுவது தேவையற்றது. மாணவர்கள் அதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். செய்திகள் அனைத்தும் ஆங்கிலத்தில் வருவதால் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் திணறல்தான். 2024-இல் வந்த 4.4.0 பதிப்பிலிருந்து, இணைத் தரவுக்கான பழைய கட்டளை வடிவம் ஒன்று ஏற்கப்படுவதில்லை. என் பழைய குறிப்பேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் எல்லோருக்கும் பிழைச் செய்தி வந்தது. இரண்டு மருந்துகளின் எண்களையும் தனித்தனியே பிரித்துக் கொடுத்துச் சரிசெய்துகொண்டோம்.

இத்தனைக்குப் பிறகும் வரும் பருவத்திலும் இதையேதான் பயன்படுத்தப் போகிறேன், முக்கியமாக அந்த ஆயிரம் மாதிரிகளுக்காக. தேர்வு அறைக்குள் கணினி வராது. எனவே டி அட்டவணையைப் பார்த்துக் கையால் கணக்கிடும் பயிற்சிக்கென இரண்டு வகுப்புகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதி நேரத்தையே ஆய்வகத்துக்குக் கொடுக்கிறேன்.