இம்ஜ்பர்ன்: பல வருடப் பழக்கத்தில் சொல்வது

டிவிடி ரைட் செய்ய நான் பல வருடங்களாகக் கையில் வைத்திருப்பது இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள். 2.5.8 பதிப்பு 2013-ல் வந்தது. அதைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 10-லும் முரண்டு பிடிக்காமல் வேலை செய்கிறது. பார்க்க அரதப் பழசு. திறந்தால் ஆறு பெரிய பொத்தான்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ஒரு டிஸ்க்கை நேராக இன்னொன்றுக்குக் காப்பி செய்யும் பொத்தான் இதில் கிடையாது. முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலை ஒரே கோப்பாக, ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, அதைத்தான் புது டிஸ்க்கில் எழுத வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதன் பெரிய லாபமே அதுதான். ஐஎஸ்ஓவை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் டிஸ்க் வீணாவதில்லை. அடுத்த முறை காப்பி கேட்டால் மூல டிஸ்க்கைத் தேட வேண்டியதும் இல்லை. பூட்டுப் போட்டு விற்கிற சினிமா டிவிடிகளை இது காப்பி செய்யாது. நான் குடும்ப வீடியோக்களுக்குத்தான் வைத்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிஸ்க் உறையில் எழுதும் வேகம் 16 எக்ஸ் வரை என்று போட்டிருந்தாலும் நான் 8 எக்ஸ் தாண்டுவதில்லை. பத்து நிமிடம் போல ஆகும், ஆகட்டும். எழுதும்போது கீழே இரண்டு பஃபர் பட்டைகள் (எழுதக் காத்திருக்கும் தரவைக் காட்டுபவை) நிறைந்தபடி நிற்கும். ஹார்ட் டிஸ்க்கில் வேறு பெரிய வேலை ஓடினால் பட்டை சரசரவென்று இறங்கும். மென்பொருள் எழுதுவதை நிறுத்தி, பட்டை மறுபடி நிறையும்வரை காத்திருக்கும். டிஸ்க் பாழாகாது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் கணினியைச் சும்மா விட்டுவிடுவது நல்லது.

வெரிஃபை டிக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்து மூலக் கோப்போடு ஒப்பிடும். இன்னொரு பத்து நிமிடம் போகும். எழுதுவது உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போவதால், மட்டமான டிஸ்க்குகள் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் காலை வாரும். படத்தின் கடைசிப் பகுதி என்பதால் போட்டுப் பார்க்கிற யாரும் அதைக் கவனிப்பதில்லை. வெரிஃபை கவனிக்கும்.

எம்பி4 கோப்பை அப்படியே போட்டால் பழைய பிளேயர்களில் ஓடாது. எம்பெக்-2 என்ற வீடியோ வடிவம், அதை வைக்க வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் எல்லாம் வேண்டும். அந்த வேலையை இம்ஜ்பர்ன் செய்யாது. டிவிடிஸ்டைலர் என்ற வேறொரு மென்பொருளில் தயார் செய்துகொள்கிறேன். உண்மையில் நேரம் தின்பது இந்த மாற்றம்தான். தவிர, பால் (PAL, நம் ஊர் டிவி முறை) டிவிடியின் படம் 720×576 புள்ளிகளுக்கு மேல் போகாது. ஃபோனில் எடுத்த துல்லியமான வீடியோ டிவியில் மங்கலாகத் தெரிந்தால் ரைட்டரைத் திட்டிப் பயனில்லை.

உறையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் விண்டோஸ் கணக்கில் 4.37 தான் கொள்ளும். அதற்கு மேல் போனால் 8.5 ஜிபி டியூயல் லேயர், அதாவது இரண்டு அடுக்கு டிஸ்க். ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது சில பிளேயர்களில் படம் ஒரு கணம் நிற்கும். எந்த இடத்தில் தாவ வேண்டும் என்று இம்ஜ்பர்ன் பட்டியல் போட்டுக் கேட்கும். அவசரப்பட்டு ஓகே கொடுக்காமல், பிரிவ்யூவில் பார்த்துக் காட்சி மாறும் இடத்தைக் கொடுத்தால் நிற்பதே தெரியாது.