மின்காந்தவியலுக்கு எந்த இலவச நூல்?

உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடத்தில் மின்காந்தவியலைத் தொடங்கும் பௌதிகவியல் மாணவருக்கு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் நூல்களுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்கிறேன்: ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016இல் வெளியிட்ட 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' இரண்டாம் தொகுதி, அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் பெயின்மனின் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதி, வேர்ஜீனியா டெக்கைச் சேர்ந்த ஸ்டீவன் எலிங்சனின் 'எலக்ட்ரோமக்னெட்டிக்ஸ்'. திருகோணமலை உவர்மலையில் மாலை வேளைகளில் மாணவர் சிலருடன் மூன்றையும் வைத்துப் படித்திருக்கிறேன்.

எலிங்சனின் முதலாம் தொகுதி (2018) பொறியியல் மாணவருக்காக எழுதப்பட்டது. மூன்றாம் அத்தியாயத்திலேயே மின் செலுத்துகைக் கம்பிகள் வந்துவிடுகின்றன. நிலைமின்னியலோ ஐந்தாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. நல்ல நூல்தான், ஆனால் நம் மாணவருக்கு அதன் ஒழுங்கு பொருந்தாது.

மற்றைய இரண்டையும் மின்காந்தத் தூண்டல் பாடத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல் 13ஆம் அத்தியாயத்தில், வட்டவில் வடிவக் கம்பியின் மேல் வழுக்கிச் சுழலும் உலோகக் கோலை எடுத்து, சுற்று அடைக்கும் பரப்பு மாறுவதால் காந்தப் பாயம் மாறுகிறது என்று காட்டி, மின்னியக்கவிசையைப் படிப்படியாகக் கணிக்கிறது. உயர்தரத்தில் இத்தகைய கணக்குகளைச் செய்து பழகிய மாணவர் இதைச் சிரமமின்றிப் பின்தொடர்வார். பெயின்மன் தமது 17ஆம் அத்தியாயத்தில் கோலுக்குப் பதிலாகச் சுழலும் தட்டை வைக்கிறார். அங்கே சுற்றினூடான பாயம் மாறுவதில்லை, ஆயினும் மின்னியக்கவிசை பிறக்கிறது. அடுத்து, விளிம்பு வளைந்த இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அசைத்து, பாயம் பெரிதும் மாறியும் மின்னியக்கவிசை ஏறத்தாழ இல்லாத நிலையைக் காட்டுகிறார். பாயம் மாறும் வீதமே மின்னியக்கவிசையைத் தருகிறது என்னும் பாய விதியை மனனம் செய்து வைத்திருந்த ஒரு மாணவி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஏற்றத்தின் மீதான விசையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதிப் பார்த்தாள். அந்த ஒரு பக்கத்துக்காகவே பெயின்மனைப் படிக்கலாம் என்பேன்.

எனினும் முதல் நூலாக அதைப் பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே காவிப் புலங்களின் வகையீடு தொடங்கிவிடுகிறது. அத்தியாய இறுதியில் பயிற்சி வினாக்கள் இல்லை. அம்பியரின் விதியைக் காந்த ஊடுபுகவிடுமியல்பைக் கொண்டு எழுதாமல் ஒளிவேகத்தின் வர்க்கத்தையும் அனுமதித்திறனையும் கொண்டு அவர் எழுதுவதால், பரீட்சைத் தாளின் சமன்பாட்டோடு ஒப்பிடும் மாணவர் தடுமாறுகிறார். மேலும், விலையின்றி வேண்டுமானால் அதை இணையத்தில்தான் வாசிக்க வேண்டும். வாடைக்காலத்து மின்தடை இரவுகளில் இது சிறிய குறையன்று. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலைப் பிடிஎப்பாக இறக்கி, வேண்டிய அத்தியாயங்களை மட்டும் அச்சிட்டுச் சுருள் கட்டி வைத்துக்கொள்ளலாம். ஒற்றை எண் வினாக்களுக்கு விடையும் பின்னால் உண்டு.

ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலின் பெருங்குறை, மக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தொகையீட்டு வடிவத்தோடு நிறுத்திவிடுவது. டைவர்ஜன்ஸ், கேர்ள் ஆகிய காவிப்புல வகையீடுகளைக் கொண்டு எழுதும் வகையீட்டு வடிவம் இரண்டாம் வருடத்தில் கட்டாயம் வேண்டும். பெயின்மனைக் கையில் எடுக்கச் சரியான வேளையும் அதுவே.

ஓப்பன்ஸ்டாக்ஸின் உரிமம் இன்னொரு வாயிலையும் திறக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் அந்நூலை எவரும் மொழிபெயர்த்துப் பகிரலாம். மேலே சொன்ன மாணவி 13ஆம் அத்தியாயத்தைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். சுழலும் கோலின் கணக்குக்குக் கீழே, சுழலும் தட்டைப் பற்றித் தன் சொற்களில் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறாள்.